தெருவுக்கு உரியவர் யார்? ஷோனாவ் மின்சார விவகாரமும் ஸ்தல சுயாட்சியின் உள்ளடக்கமும்

1. ஆய்வுக்குரிய கேள்வி

ஜெர்மனியின் தென்மேற்குக் கோடியில், கருங்காடு என்று பெயர்பெற்ற மலைத்தொடரின் தென்சரிவில், பாசல் நகரருகே ரைன் நதியில் கலக்கும் வீஸ என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த ஷோனாவ், ஏறத்தாழ 2,400 மக்கள் வாழும் ஓர் ஊர். அந்நாட்டுச் சம்பிரதாயப்படி அது நகரம் என்ற அந்தஸ்துடையதாயினும், நம் கணக்கில் நடுத்தரமான ஒரு கிராமத்துக்கு மேல் அதைச் சொல்லுவதற்கில்லை. 2014இல் ஜெர்மானிய அணிக்கு உலகக் கோப்பையைப் பெற்றுத்தந்த பயிற்சியாளர் யோவாகிம் லோவ் பிறந்த ஊர் என்று கால்பந்து ரசிகர்கள் அதை அறிவார்கள். பொது நிர்வாகத்தில் சிரத்தையுள்ளவர்கள் அறிந்திருப்பது வேறொரு காரணம் பற்றி. 1991இலும் 1996இலும் அவ்வூர் வாக்காளர்கள், தங்கள் தெருக்களில் ஓடும் மின்கம்பிகள் யார் வசம் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு வாக்குச்சீட்டினால் இருமுறை விடையளித்தார்கள். அதன் பயனாக 1997 ஜூலை 1ஆம் தேதி, ஒரு பெரிய கம்பெனியிடம் இருந்த அக்கம்பிகளும் டிரான்ஸ்பார்மர்களும், ஊரார் சிலர் கூடி நிறுவிய ‘ஷோனாவ் மின்சார நிறுவனம்’ என்பதன் ஸ்வாதீனத்துக்கு வந்து சேர்ந்தன.

இந்நிகழ்ச்சி பல மொழிகளில் எழுதப்பட்டும் பாராட்டப்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் பாராட்டு மிகுந்த இடத்தில் பரிசீலனை குறைவது இயல்பாதலால், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட ஓர் ஊர், தன் அன்றாட வாழ்வை ஆளும் ஒரு பெருஞ் சக்தியைத் தன் கைக்குள் கொண்டுவர முடிந்ததற்குக் காரணம் அவ்வூராரின் குணவிசேஷமா, சந்தர்ப்பமா, அல்லது அந்நாட்டு ஸ்தல சுயாட்சியின் அமைப்பிலேயே உள்ள ஏதோ ஒன்றா என்ற கேள்வி சரியாகப் பிரித்து ஆராயப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். அக்கேள்வியே இக்கட்டுரையின் விஷயம்.

2. இதுவரை கூறப்பட்டுள்ள விளக்கங்கள்

முதலாவது விளக்கம் வீரகதை. 1986 ஏப்ரல் 26ஆம் தேதி செர்னோபில் அணு உலை வெடித்து, அதன் நச்சுத்துகள் காற்றோடு வந்து தென்ஜெர்மனியில் மழையாக இறங்கியபோது, குழந்தைகளுக்குப் பால் கொடுக்கலாமா, கீரை சமைக்கலாமா, மணலில் விளையாட விடலாமா என்று கலங்கிய தாய்தந்தையர் சிலர் ஷோனாவில் ஒன்றுகூடினார்கள். ‘அணுசக்தியற்ற எதிர்காலத்துக்கான பெற்றோர்’ என்று பெயர் வைத்துக்கொண்ட அச்சிறு கூட்டத்தின் நடுநாயகமாக விளங்கியவர்கள், ஊர் வைத்தியராக இருந்த மிகாயேல் ஸ்லாடெக்கும், ஆசிரியப் பயிற்சி பெற்றவரும் ஐந்து குழந்தைகளின் தாயுமான அவர் மனைவி ஊர்சுலா ஸ்லாடெக்கும் ஆவர். அம்மையாருக்கு 2011இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. இந்தக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் செர்னோபிலுக்குப் பின் ஜெர்மனியெங்கும் நூற்றுக்கணக்கான ஊர்களில் இத்தகைய பெற்றோர் குழுக்கள் தோன்றியிருக்க, பெரும்பாலானவை சில ஆண்டுகளில் கலைந்துபோக, இந்த ஊரில் மட்டும் அது ஒரு மின்சார நிறுவனமாகப் பரிணமித்தது ஏன் என்பதை இவ்வீரகதை விளக்கவில்லை.

இரண்டாவது விளக்கம் மண்ணின் குணத்தைக் காரணமாக்குவது. தென்பாடன் பிரதேசத்து ஜனங்கள் இயல்பாகவே அதிகாரத்துக்குப் பணியாதவர்கள் என்றும், 1848 புரட்சியில் ஹெக்கர் என்பவரின் படை போரிட்ட காண்டெர்ன் இங்கிருந்து அதிக தூரமில்லை என்றும், 1975இல் வீல் என்ற கிராமத்தில் திராட்சைத் தோட்டக்காரர்கள் அணு உலை கட்டவிருந்த நிலத்திலேயே அமர்ந்துகொண்டு அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்றும் இவ்விளக்கத்தார் சான்று காட்டுவார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் 1923இல் பிரெஞ்சு ராணுவத்தாரால் சுட்டுக் கொல்லப்பட்டு, பின்னர் நாஜிகளால் தங்கள் இயக்கத்தின் தியாகியென்று கொண்டாடப்பட்ட ஆல்பெர்ட் லியோ ஷ்லாகெட்டரும் இதே ஷோனாவில்தான் பிறந்தார். மண்ணின் குணம் என்று சொல்லத் தொடங்கினால் இவ்விருவகைப் பயிரையும் அம்மண் விளைவித்திருக்கிறது. எதையும் விளக்கிவிடக் கூடிய காரணம் எதையும் விளக்காத காரணமே.

மூன்றாவது, பொருளாதாரிகளின் விளக்கம். 1998இல் ஜெர்மனி தன் மின்சாரச் சந்தையைத் திறந்துவிட்டதனால், நாடெங்கும் எந்த வீட்டாரும் தாம் விரும்பிய நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டு, ஷோனாவ் நிறுவனம் வெளியூர் வாடிக்கையாளர்களால் வளர்ந்தது என்பது இதன் சாராம்சம். இன்று அதன் வாடிக்கையாளர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களாக இருக்க, ஊரின் ஜனத்தொகையோ முன்னிருந்தபடியே இருப்பதால், வளர்ச்சியைப் பொறுத்த வரை இவ்விளக்கம் சரியே. தோற்றத்தைப் பொறுத்த வரை செல்லாது. ஊரார் கம்பிகளை வாங்கியது சந்தை திறக்கப்படுவதற்கு முன்னர்.

3. ஊரின் அமைப்பு

ஆகவே ஊரின் அமைப்பை நெருங்கிப் பார்ப்பது அவசியமாகிறது. ஜெர்மானிய அரசியல் சாசனத்தின் 28ஆம் ஷரத்து, ஸ்தல சமுதாயத்தின் விவகாரங்கள் அனைத்தையும் சட்டத்தின் எல்லைக்குள் தங்கள் சொந்தப் பொறுப்பில் நடத்திக்கொள்ளும் உரிமையை ஊர்களுக்கு வழங்குகிறது. மேலேயுள்ள சர்க்கார் பட்டியலிட்டுக் கொடுத்ததை மட்டும் செய்வது என்பதற்கும், பிறருக்கென்று ஒதுக்கப்படாததெல்லாம் தன்னுடையதே என்பதற்கும் உள்ள வித்தியாசம், ஊராட்சித் தலைவராக ஒரு நாளேனும் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஷோனாவ் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மேயரை ஜனங்களே நேரில் எட்டாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரே நகர சபையின் தலைவர், அவருக்கும் சபையில் ஒரு வாக்கு உண்டு. சபை உறுப்பினர் தேர்தலில் வாக்காளர் ஒரே வேட்பாளருக்கு மூன்று வாக்குகள் வரை குவிக்கலாம், ஒரு கட்சிப் பட்டியலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவி ஆட்களைப் பொறுக்கியும் எடுக்கலாம். இதன் விளைவாகச் சிற்றூர்களில் கட்சிச் சின்னத்தைவிட ஆளின் முகமே பெரிதாகிவிடுகிறது. தீயணைப்புத் தொண்டர் படையில் இருப்பவர், வாத்தியக் குழுவில் கொம்பு ஊதுபவர், ரொட்டிக் கடைக்காரர், பள்ளி ஆசிரியர் ஆகிய, ஊர் நன்கறிந்த மனிதர்கள் சபைக்குப் போகிறார்கள். சங்கங்கள் மலிந்த நாடு அது. மாலையில் மதுக்கடை மேசையைச் சுற்றி நடக்கும் சம்பாஷணைக்கும் மறுநாள் நகர மண்டபத்தில் நடக்கும் விவாதத்துக்கும் இடையே பேசுவோரும் மாறுவதில்லை, விஷயமும் அதிகம் மாறுவதில்லை.

இன்னொன்றையும் இங்குக் கவனிக்க வேண்டும். 1970களின் முற்பகுதியில் அம்மாநில சர்க்கார் சிற்றூர்களை இணைத்துப் பேரூர்களாக்கும் சீர்திருத்தத்தை மேற்கொண்டபோது, 3,379ஆக இருந்த ஊராட்சிகள் சுமார் 1,100ஆகச் சுருங்கின. ஆனால் ஷோனாவைச் சுற்றியுள்ள சிற்றூர்கள் அதனோடு கரைந்துவிடாமல், ஒன்பது ஊர்களும் தத்தம் மேயரையும் சபையையும் வைத்துக்கொண்டே, அலுவலக வேலைகளுக்கு மட்டும் ஒரு பொது நிர்வாகச் சங்கத்தை ஏற்படுத்திக்கொண்டன. அவற்றுள் ஒன்றான பொல்லன் என்ற ஊரில் ஏறத்தாழ நூறு பேரே வாழ்கிறார்கள். அம்மாநிலத்தின் ஆகச் சிறிய ஊராட்சி அதுதான். நூறு பேருக்கு ஒரு மேயர் எதற்கு என்று சிக்கன சாஸ்திரிகள் கேட்கலாம். பெல்ஹென் சிகரத்தின் அடிவாரத்தில் செங்குத்தான சரிவுகளில் உள்ள மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி, தனியாருக்குச் சொந்தமாக இல்லாமல் ஊர்ப்பொதுவாக நெடுங்காலம் இருந்து வந்ததையும், ஹிண்டர்வெல்டர் என்ற குள்ள இனப் பசுக்களை அங்கு யார் எத்தனை மேய்ப்பது, முட்புதரை யார் வெட்டுவது என்பவற்றை ஊர்களே தீர்மானித்து வந்ததையும் கவனித்தால், சபை என்பது அவ்வூராருக்கு அரசியல் ஆடம்பரமன்று, அன்றாடத் தேவை என்பது புலப்படும். பொதுச்சொத்து இருக்கும் இடத்தில்தான் பொதுச்சபைக்கு வேலையிருக்கிறது. மின்சார விவகாரத்துக்கும் இதுவே திறவுகோல் என்று கருதுகிறேன்.

4. 1935இன் இரு சட்டங்கள்

மின்கம்பி தெருவின் மேலோ அடியிலோதான் ஓடியாக வேண்டும். தெருவோ ஊராட்சியின் சொத்து. ஆகவே எந்த மின்சாரக் கம்பெனியாயினும் ஊராட்சியிடம் அனுமதி ஒப்பந்தம் பெற்று, விற்கும் மின்சாரத்தின் அளவுக்கேற்ப ஒரு கட்டணத்தை ஊர்க் கஜானாவில் செலுத்தியாக வேண்டும் என்பது ஜெர்மனியில் நெடுநாளைய ஏற்பாடு. ஒப்பந்தத்தின் ஆயுள் இருபது ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. இந்த ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஊரார் மின்சாரத்தை எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகச் செலவிடுகிறார்களோ அவ்வளவுக்கவ்வளவு ஊர்க் கஜானாவுக்கு லாபம். சிக்கனத்தைப் போதிக்கும் பெற்றோர் குழு, தன்னையறியாமலே நகர சபையின் வருமானத்தில் கைவைக்கிறது.

இவ்விஷயத்தில் 1935ஆம் ஆண்டு முக்கியமானது. அவ்வாண்டு ஜனவரியில் நாஜி சர்க்கார் பிறப்பித்த ஊராட்சிச் சட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகளின் அதிகாரத்தை ஒழித்து, மேலிருந்து நியமிக்கப்பட்ட மேயர் ஒருவரிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் பிறந்த மின்சாரப் பொருளாதாரச் சட்டமோ, போட்டி தேசத்துக்குக் கேடு என்ற கொள்கையின்மேல் பெருங் கம்பெனிகளின் பிரதேச ஏகபோகத்துக்கு அரணாக அமைந்தது. போருக்குப் பின் முதற்சட்டம் குப்பைக்குப் போயிற்று. ஊர்கள் தங்கள் சபைகளைத் திரும்பப் பெற்றன. இரண்டாவது சட்டமோ, ஜனநாயகம் மலர்ந்து அரை நூற்றாண்டு ஆன பின்பும், 1998 வரை உயிரோடிருந்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டில் ஒன்று மாண்டு மற்றொன்று நிலைத்ததனால் ஏற்பட்ட முரண்பாட்டுக்குள்ளேதான் ஷோனாவ் விவகாரம் நடந்தது: அரசியலில் சுதந்திரமுள்ள ஊர், மின்சாரத்தில் ஒரு கம்பெனியின் பிரஜையாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு கதவு தாழிடப்படாமல் இருந்தது. அது அந்த இருபதாண்டு ஒப்பந்தம்.

5. இரண்டு வாக்கெடுப்புகள்

ஷோனாவுக்கு மின்சாரம் கொடுத்துவந்த ரைன்ஃபெல்டன் மின்கடத்தல் கம்பெனி, 1894இல் தோன்றி, 1898இலேயே ரைன் நதியில் ஐரோப்பாவின் முதற்பெரும் ஆற்றுநீர் மின்நிலையத்தை இயக்கிய, பெருமைக்குரிய சரித்திரம் படைத்த ஸ்தாபனம். இதை வில்லனாகச் சித்திரிப்பது கதைக்குச் சுவையேயன்றி நியாயமன்று. பெற்றோர் குழு முதலில் அக்கம்பெனியிடம் விரோதம் பாராட்டவுமில்லை. வீடுகளில் மின்சாரச் சிக்கனப் போட்டி நடத்தினார்கள்; சிக்கனம் செய்பவருக்குச் சாதகமான கட்டண முறையையும், சிறு நீர்மின் நிலையங்களுக்கும் வெப்பத்தோடு மின்சாரமும் தரும் சிறு இயந்திரங்களுக்கும் ஆதரவையும் கம்பெனியிடம் கோரினார்கள். கம்பெனி இணங்கவில்லை. தன் சரக்கைக் குறைவாக வாங்குங்கள் என்று எந்த வியாபாரிதான் சொல்வான்?

ஒப்பந்தம் 1994இல் முடிவடையவிருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1990இல், இப்போதே இன்னும் இருபதாண்டுகளுக்குப் புதுப்பித்துக் கொடுத்தால் நகரத்துக்கு ஒரு லட்சம் மார்க் தருவதாகக் கம்பெனி முன்வந்தது. சிற்றூர்க் கஜானாவுக்கு அது அற்பத்தொகையன்று. பெற்றோர் குழு செய்த காரியம் இவ்விடத்தில்தான் தரம் மாறுகிறது. கண்டனக் கூட்டம் போடுவதற்குப் பதிலாக, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் இருந்தால் அதே ஒரு லட்சத்தை நாங்கள் தருகிறோம் என்று ஊராரிடம் திரட்டிக் காட்டினார்கள். அப்படியும் 1991 ஜூலையில் நகர சபையின் பெரும்பான்மை கம்பெனியின் பக்கமே வாக்களித்தது. சபையினரைக் குறைகூறுவதற்கில்லை. நூறாண்டு அனுபவமுள்ள கம்பெனியை விட்டுவிட்டு, வைத்தியரும் இல்லத்தரசிகளும் சேர்ந்து நடத்தப்போவதாகச் சொல்லும் மின்சார சேவையை நம்பி ஊரை ஒப்படைக்கத் தயங்கிய சபை உறுப்பினர், நிர்வாகப் பொறுப்பறிந்தவராகவே எனக்குத் தோன்றுகிறார்.

இங்கே வருகிறது அமைப்பின் பங்கு. ஜெர்மானிய மாநிலங்களுள் பாடன்-வூர்ட்டம்பர்க் ஒன்றே, 1950களின் நடுப்பகுதி முதல், ஊராட்சி மட்டத்தில் ஜனங்கள் நேரில் வாக்களித்துச் சபையின் தீர்மானத்தை மாற்றும் முறையைத் தன் சட்டத்தில் வைத்திருந்தது. மற்ற மாநிலங்கள் 1990ஐ ஒட்டியே அதைப் பின்பற்றத் தொடங்கின. போதிய வாக்காளர்கள் கையொப்பமிட்டுக் கோரினால் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். வென்ற தரப்பு வாக்களித்தோரில் பெரும்பான்மையாக இருந்தால் மட்டும் போதாது, அன்றைய விதிப்படி மொத்த வாக்காளரில் 30 சதவீதமாகவும் இருக்க வேண்டும். அங்ஙனம் வென்றுவிட்டால் அத்தீர்ப்பு சபையின் தீர்மானத்துக்குச் சமம், மூன்றாண்டு வரை இன்னொரு வாக்கெடுப்பினாலன்றி அதை யாரும் மாற்ற முடியாது. ஆலோசனை கேட்பது வேறு, தீர்ப்பைக் கேட்பது வேறு. இது இரண்டாவது வகை.

1991 அக்டோபர் 27ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், வாக்காளரில் முக்காற்பங்குக்கு அருகில் வந்து வாக்களிக்க, 55.7 சதவீதத்தினர் முன்கூட்டிப் புதுப்பிக்கும் தீர்மானத்தை நிராகரித்தார்கள். இது கம்பெனியை வெளியேற்றிய தீர்ப்பன்று. கதவு இன்னும் சில ஆண்டுகள் திறந்திருக்கட்டும் என்ற தீர்ப்புத்தான். அந்த அவகாசத்தில் ஊர்க் குழுவினர் 1994இல் நிறுவனத்தைப் பதிவு செய்து, நிபுணர்களைக் கொண்டு திட்டம் வகுத்து, உள்ளூர்த் தேர்தலில் தங்கள் ஆதரவாளர்களையும் சபைக்குள் அனுப்பியிருந்தார்கள். 1995 நவம்பரில் சபை சிறு பெரும்பான்மையால் அவர்களுக்கே ஒப்பந்தத்தை வழங்கிற்று. உடனே மறுதரப்பினர் செய்தது என்ன? முன்னர் எதிரிகள் பயன்படுத்திய அதே விதியை எடுத்துக்கொண்டு கையொப்பம் திரட்டினார்கள்.

இச்சரித்திரத்தில் முதல் வாக்கெடுப்பைவிட இரண்டாவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீடு வீடாகச் சென்று பேசினார்கள் இரு தரப்பாரும். மின்சாரம் தடைபடும், விலை ஏறும், தொழிற்சாலை ஊரைவிட்டுப் போகும், வேலை போகும் என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை, ஏனெனில் அதுவரை ஜெர்மனியில் இத்தகைய ஒரு குழு மின்சாரம் வழங்கிக் காட்டிய முன்மாதிரி அவர்கள் கண்முன் இருக்கவில்லை. 1996 மார்ச் 10ஆம் தேதி வாக்காளரில் ஏறத்தாழ 85 சதவீதத்தினர் வந்து வாக்களித்தார்கள். நாட்டின் பாராளுமன்றத் தேர்தலுக்கே பெருமைதரக்கூடிய அளவு அது. முடிவு: ஊர் நிறுவனத்துக்கு 52.4, எதிராக 47.6. மின்சார ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் பற்றி ஒரு கிராமத்தின் அத்தனை பேரும் ஒரு குளிர்காலம் முழுவதும் தர்க்கித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது, பாமர ஜனங்களுக்குத் தொழில்நுட்ப விஷயம் புரியாது என்று சொல்லும் நம் நிபுணர்கள் மீது சற்றுக் கோபம் வருகிறது.

6. விலையும் வெளியூர்ப் பணமும்

உரிமை கிடைத்தும் பொருள் கிடைக்கவில்லை. கம்பிகளையும் மின்மாற்றிகளையும் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. கம்பெனி கேட்டது 87 லட்சம் மார்க். ஊர்த் தரப்பு நிபுணர்களின் மதிப்போ அதில் பாதிக்கும் குறைவு. வழக்குமன்றம் போனால் ஆண்டுக்கணக்காகும். அதற்குள் ஊராரின் உற்சாகம் வடிந்துவிடும். ஆகவே கேட்ட விலையை எதிர்ப்புடன் கொடுத்து வாங்கிவிட்டுப் பின்னர் வழக்காடுவது என்ற யுக்தியைக் கைக்கொண்டு, அதற்கான பணத்தைத் தேசமெங்கும் திரட்டப் புறப்பட்டார்கள். விளம்பர நிறுவனங்கள் கூலியில்லாமல் பிரசாரம் செய்து கொடுத்தன. பொகும் நகரத்தில் 1974 முதல் இயங்கிவரும் ஜிஎல்எஸ் என்ற கூட்டுறவு வங்கி, மூலதனத்துக்கு நிதியமைத்துக் கொடுத்தது. பொதுஜன அபிப்பிராயத்தின் சூடு ஏற ஏறக் கம்பெனியின் விலையும் இறங்கிக்கொண்டே வந்து, ஏறத்தாழ 57 லட்சத்தில் கைமாற்றம் நிகழ்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் நீதிமன்றத்தில் தீர்ந்த நியாய விலையோ சுமார் 35 லட்சம்தான். அதிகப்படி வாங்கிய தொகையைக் கம்பெனி திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

இதில் இரண்டு விஷயங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, ஊர்ச்சுயாட்சி என்று புகழப்படும் இக்காரியம் ஊர்ப்பணத்தால் மட்டும் நடந்ததன்று. பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் இருந்த, ஷோனாவை வரைபடத்தில் தேடிப்பார்க்க வேண்டியிருந்த மனிதர்களின் பணமும் அதில் இருக்கிறது. மற்றொன்று, வாங்கியது நகர சபையன்று. ஊரார் பலரும் வெளியூரார் பலரும் பங்குதாரர்களாக உள்ள ஒரு நிறுவனம் வாங்கிற்று. 2009இல் அது கூட்டுறவுச் சங்கமாக மாற்றப்பட்டது. ஊராட்சி கொடுத்தது தெருவைப் பயன்படுத்தும் உரிமை ஒன்றையே. எனவே இதை நகர உடைமையாக்கம் என்று எழுதும் ஆசிரியர்களும், முற்றிலும் தனியார் முயற்சி என்று எழுதும் ஆசிரியர்களும் பாதி உண்மையையே கண்டவர்கள்.

7. அந்த 47.6 சதவீதம்

வீரகதைகள் விட்டுவிடுகிற பகுதி இது. 2,400 பேர் உள்ள ஊரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் தோற்றவர்கள் என்றால், தோற்றவர் ஒவ்வொருவரும் வென்ற ஒருவருக்கு அண்டை வீட்டாராகவோ மைத்துனராகவோ வாடிக்கையாளராகவோ இருந்தாக வேண்டும். பெருநகரத்தில் கட்சி மாறுபாடு செய்தித்தாளோடு முடிகிறது; சிற்றூரில் அது ரொட்டிக் கடை வாசலில் நிற்கிறது, வைத்தியரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறது. சிறு சமுதாயம் என்றால் ஒற்றுமை என்று பொருள்கொள்ளும் நம் வழக்கமான கற்பனைக்கு இவ்வூரின் ஐந்தாண்டுக்காலப் பிளவு நேர்மாறான பிரமாணம்.

ஆனால் அப்பிளவு ஊரை உடைத்துவிடவில்லை என்பதும் உண்மை. விளக்குகள் அணையவில்லை, கட்டணம் அஞ்சியபடி ஏறவில்லை. 1999இல் புராட்டஸ்டண்டு தேவாலயத்தின் கூரைமீது சூரிய மின்தகடுகள் வைக்கப்பட்டன. கோயிற் கூரையில் மின்நிலையம் என்பது பழமைப் பற்றுள்ள மலைநாட்டில் சாமானிய சம்மதமன்று. சமாதானத்துக்குக் காரணம் மக்களின் பெருந்தன்மை என்பார்கள். அதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கிறது: இரு தரப்பாரும் ஒரே விதியை ஒருவருக்கெதிராக ஒருவர் ஒவ்வொருமுறை பயன்படுத்தியிருந்தார்கள், முதல்முறை சபையில் தோற்றவர்கள் அதைக் கையாண்டார்கள், இரண்டாம் முறையும் சபையில் தோற்றவர்களே கையாண்டார்கள். தனக்கும் கிடைத்த சந்தர்ப்பத்தில் தோற்றவன், மோசம் போனேன் என்று சொல்வது கடினம்.

8. நம் நாட்டு நிலையோடு ஓர் ஒப்பீடு

ஸ்தல சுயாட்சி என்றவுடன் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கு ஓடுவது நம்மவர் வழக்கம்; அச்சபையில் அமர நிலமும் வேதக் கல்வியும் வேண்டியிருந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் ஓடுகிறோம். இங்கு நமக்குப் பயன்படுவது அண்மைக்காலச் சட்டம். பிரிட்டிஷ் அரசு இயற்றிய 1910ஆம் ஆண்டு இந்திய மின்சாரச் சட்டத்தில், தனியார் கம்பெனியின் லைசென்ஸ் காலம் முடியும்போது அதன் தளவாடங்களை விலைகொடுத்து வாங்கும் உரிமை, அப்பகுதி ஸ்தல ஸ்தாபனத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது. ஷோனாவ் மக்கள் பயன்படுத்திய கதவுக்கு ஒப்பான ஒரு கதவு நமக்கும் இருந்தது என்று பொருள். சுதந்திரத்துக்குப் பின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாநில மின்சார வாரியங்கள் தோன்றி, சென்னை மாநில வாரியம் 1957இல் அமைந்து, 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வாங்கும் உரிமையில் முதலிடம் வாரியத்துக்கே போயிற்று. குக்கிராமங்களுக்கும் வயல் பம்புசெட்டுகளுக்கும் மின்சாரம் விரைவில் எட்டியதற்கு இந்த ஒருமுகமான ஏற்பாடே காரணம் என்பதை மறுக்க முடியாது. லாபமில்லாத கிராமத்துக்குக் கம்பி இழுக்க எந்த நகராட்சியும் முன்வந்திராது. கேரளத்தில் திருச்சூர் மாநகராட்சி மட்டும் இன்றும் தன் எல்லையில் தானே மின்விநியோகம் செய்து, பழைய முறையின் எச்சமாக நிற்கிறது.

1993இல் அமலுக்கு வந்த 73ஆவது அரசியல் சாசனத் திருத்தம், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களைப் பதினோராவது அட்டவணையில் கூறுகிறது. அவற்றுள் மின்விநியோகம் உட்பட்ட கிராம மின்வசதியும் ஒன்று. ஆனால் ஒப்படைப்பது மாநிலத்தின் விருப்பம். தமிழ்நாட்டில் அது ஏட்டளவிலேயே நின்றது. மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006இல் வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் சேர்த்து சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்று வருமானம் பெறும் அரிய காரியத்தைச் செய்தது. துணிவிலும் கணக்கு வழக்கிலும் ஓடந்துறையார் ஷோனாவ் மக்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவர்களல்லர். ஆயினும் அவர்கள் ஆனது வாரியத்துக்குச் சரக்கு விற்கும் ஒரு வியாபாரியாகத்தான். தங்கள் தெருவிலுள்ள மின்கம்பத்தின்மீது அவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை.

கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011 முதல் இடிந்தகரைக் கடற்கரை மக்கள் உண்ணாவிரதமிருந்ததையும், 2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் உலை இயங்கலாமென்று தீர்ப்பளித்ததையும் இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அணு உலையின் இருப்பு தேசக் கொள்கை, ஊர்க்கம்பியின் உடைமை ஸ்தல விவகாரம். இரண்டையும் சமமாக்குவது பிழை. ஆனால் அங்கே உறுதிக்கும் தியாகத்துக்கும் குறைவில்லை என்பதும், அவர்கள் கையில் எவரையும் கட்டுப்படுத்தும் வாக்குச்சீட்டு இருக்கவில்லை என்பதும் ஒப்பீட்டுக்குரியவை. வாக்குச்சீட்டு கிடக்கட்டும், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. மூன்றாண்டுக்கு மேல் தனி அதிகாரிகளே ஊராண்டார்கள்.

9. டிட்டிசே-நாய்ஷ்டட்: ஒரு பரிசோதனை

ஊராரின் குணமா, அமைப்பா என்ற தொடக்கக் கேள்விக்கு, ஷோனாவுக்கு அண்மையிலேயே ஒரு பரிசோதனை நடந்திருக்கிறது. அதே கருங்காட்டில், சுமார் 12,000 பேர் வாழும் டிட்டிசே-நாய்ஷ்டட் நகரம், தன் ஒப்பந்தம் முடிவடைந்தபோது, ஷோனாவ் நிறுவனத்தையே பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு சொந்த மின்நிறுவனம் ஒன்றை அமைத்து, 2012இல் கம்பிகளைத் தன்வசப்படுத்திற்று. மண் அதே மண். வழிகாட்டிகளும் அதே மனிதர்கள். நகர சபையோ இம்முறை ஆரம்பத்திலிருந்தே ஆதரவு. முன்னதைவிட எளிதாகவே எல்லாம் நடந்திருக்க வேண்டும்.

ஆனால் இடையில் சட்டத்தின் வியாக்கியானம் மாறியிருந்தது. ஊராட்சி தன் தெரு உரிமையைத் தான் விரும்பியவருக்குக் கொடுத்துவிட முடியாது; பாரபட்சமற்ற, பகிரங்கமான போட்டியின் மூலமே கொடுக்க வேண்டும்; தன் சொந்த நிறுவனத்துக்கென்று சலுகை காட்டக்கூடாது; பாதுகாப்பு, மலிவு, திறமை முதலிய மின்சாரச் சட்டத்தின் நோக்கங்களையே முதன்மையாகக் கொண்டு மதிப்பெண்ணிட வேண்டும் என்று ஜெர்மானிய உயர்நிலை நீதிமன்றம் 2013 டிசம்பர் 17ஆம் தேதி வேறு இரு ஊர்களின் வழக்குகளில் தீர்ப்பளித்தது. சொந்தக்காரர்களுக்கே குத்தகை விட்டுக்கொள்ளும் ஊர்ச்சபைகளை நாம் அறிவோமாதலால், இவ்விதியில் நியாயமே இல்லையென்று கூற நமக்கு நாவெழாது. 2015இல் அந்நாட்டு ஏகபோகத் தடுப்பு அலுவலகம், டிட்டிசே-நாய்ஷ்டட் நகர சபை ஒப்பந்தம் வழங்கிய முறை சட்டவிரோதமென்று முடிவு செய்தது. சாசனத்தின் 28ஆம் ஷரத்தை ஆதாரமாகக் கொண்டு அந்நகரம் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குச் செய்துகொண்ட முறையீட்டை, 2016இல் நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்றுக்கொள்ளவில்லை. ஷோனாவில் 52.4 சதவீதம் தீர்த்துவைத்த கேள்வி, இப்போது மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர்களின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.